முதுகில் போட்ட ஊசி

எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண்கள் இரண்டு வகை. முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு வகை, போட்டுக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இப்போது ஆளே கிடையாது என்று சொல்லலாம். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த அன்றைக்கு, மரத்துப்போவதற்காக முதுகுத்தண்டில் ஒரு ஊசி போட்டார்களே, அதுதான் எங்கள் எல்லோருடைய இடுப்பு வலிக்கும் காரணம். டாக்டர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் ஒத்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் காத்துக்கொண்டும் இல்லை. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படியேறி வரும் இந்தச் சின்னத் தெருவைப் பொறுத்தவரை அது தீர்ப்பாகிவிட்ட விஷயம்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் ஆறுக்குட்டி அண்ணனின் மளிகைக் கடை. கீழே கடை, மேலே வீடு. அன்னூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே மலையேறி வந்து கடை போட்டவர் அவர். அவருடைய மனைவி பங்கஜம்தான் எங்கள் ஊசிக் கட்சிக்குத் தலைவி. மகன் சரத் பிறந்தபோது போட்ட ஊசி. சரத்துக்கு இப்போது இருபத்தாறு வயது, பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவள் வலிக்கும் அதே வயதுதான். பனிக்காலத்தில் பங்கஜம் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு படிக்கு ஒரு வார்த்தை, அந்த ஊசி போட்ட டாக்டருக்கு. மேலே போய்ச் சேருவதற்குள் அவருடைய வம்சத்தில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

ஆறுக்குட்டி அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டுச் சிரிப்பார். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"ஒரு மணி நேரத்துல எறங்கிப் போற மருந்துங்க அது. இருபத்தாறு வருசமா உள்ளயே குடித்தனம் பண்ணுதாக்கும்? வாடகை குடுக்குதான்னு கேளுங்க."

வாங்க வந்தவர்களும் சிரிப்பார்கள். கடன் சொல்லிப் பருப்பு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடவே சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் அதே ஊசிதான், இரண்டு பிள்ளைக்கும் இரண்டு தடவை. அதனால் அவர் பங்கஜத்தைக் கிண்டல் செய்தால் எனக்கும் சேர்த்துத்தான் படும். "ஆம்பளைக்கு முதுகுல ஊசி போட்டாத் தெரியும்ணா" என்று நான் கத்துவேன். "போடட்டுமே, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்பார். வாய் மட்டும் அவருக்குக் குறைச்சலே இல்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். எழுந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கருப்பட்டி வாங்க வந்த அம்மாள், தனக்கு ஏதோ மரியாதை செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இருக்கட்டுங்க, உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

வலி இடது புட்டத்தில் ஆரம்பித்து, தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டு விரல் வரைக்கும் போனது. இருமினால் வலி, தும்மினால் வலி. கழிவறையில் உட்கார்ந்தால் எழுப்புவதற்கு ஆள் வேண்டும். தைலம் தேய்த்தார்கள். பெல்ட் போட்டார்கள். கோத்தகிரியிலிருந்து ஒரு வைத்தியர் வந்து காலைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு இன்னொரு வைத்தியரைக் கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

எங்கள் கட்சிக்கு இது பெரிய சோதனையாகப் போய்விட்டது. ஊசியே போடாத ஆளுக்கு எப்படி இடுப்பு வலி வரும்? ஆறுக்குட்டி அண்ணனே அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

"எனக்கு வந்தது வேறங்க. இது நரம்பு."

பெண்களுக்கு வந்தால் வாயு, ஆண்களுக்கு வந்தால் நரம்பு. கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு யாருடைய ஆதாரையோ தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நரம்பு என்பதால் அந்த வாரமே சரத் பெங்களூரிலிருந்து போனில் ஏற்பாடு செய்ய, ஸ்கேன் எடுத்தார்கள். பங்கஜத்துக்கு இத்தனை வருஷத்தில் எடுத்துக் கொடுத்தது, கடையில் விற்காமல் கிடந்த ஒரு வலி நிவாரணத் தைலம். அதிலும் தேதி முடியப் போகிறது என்பதால்தான்.

மாத்திரையிலும் பயிற்சியிலும் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். ஆகவில்லை. மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் கீழே பள்ளத்திலிருந்து ஒரு காட்டெருமை எங்கள் தெருவுக்கு ஏறி வந்தது. குன்னூரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. கத்தினோம், ஷட்டரை இழுத்துவிட்டோம், அவரவர் உள்ளே போனோம். ஆறுக்குட்டி அண்ணன் மட்டும் நடுத்தெருவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகர முடியவில்லை. காட்டெருமை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த ஆளால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்ட மாதிரி, அவரைச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே வந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்றைக்கு எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரில் வலிக்கென்றே படித்த ஒரு டாக்டரிடம் போனார்கள். பங்கஜம் என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பயம், எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. டாக்டர் வனிதா, நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். ஸ்கேனை விளக்கில் வைத்துக் காட்டினார். இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது.

"ஆபரேஷன் வேண்டாம் சார். எக்ஸ்ரே மாதிரி ஒரு மெஷின்ல பாத்துக்கிட்டே, ஊசியை அந்த நரம்புக்குப் பக்கத்துல கொண்டு போய், வீக்கத்தைக் குறைக்கற மருந்தை அங்கயே விட்டுருவோம். கத்தி இல்லை, தையல் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். எல்லாருக்கும் நூத்துக்கு நூறு பலிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க மாதிரி கால்ல இறங்கற வலிக்கு நல்லாக் கேக்கும்."

"ஊசியை எங்கீங்க போடுவீங்க?" என்றார் ஆறுக்குட்டி அண்ணன்.

"முதுகுலதான் சார்."

அவர் திரும்பிப் பங்கஜத்தைப் பார்த்தார். பங்கஜம் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாளிலிருந்து மளிகைக் கடையில் புதுப் பேச்சு.

"எனக்கு ஒண்ணும் பயமில்லீங்க. பங்கஜத்துக்குத்தான் மனசு ஒப்பலை. அவ மனசு நோகறாப்பல நான் எதையும் செய்ய மாட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் பங்கஜத்துக்கு மனசு என்று ஒன்று இருப்பதை அவர் கடையில் வைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயந்து நடுங்குகிறார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. போட்டுக்கொள்ள மாட்டேன் என்றால், ஊசியால்தான் வலி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். போட்டுக்கொள்கிறேன் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். மனுஷன் இரண்டுக்கும் நடுவில் அந்த ஜவ்வு மாதிரிப் பிதுங்கிக்கொண்டு கிடந்தார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். மறைப்பானேன்?

பங்கஜம் என் கடைக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். அது சூடாக இருக்கும், இடுப்புக்கு இதமாக இருக்கும் என்று அங்கேதான் நிற்பாள்.

"ஏனுங்க்கா, அந்த ஊசி போட்டு அவருக்கு நல்லாயிருச்சுன்னா, நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிருமில்லீங்?"

"போயிரும்" என்றேன். "அப்புறம் உன்னைய வெச்சு அவர் சாகற வரைக்கும் சிரிப்பார்."

"போடலீன்னா?"

"படுத்துருவார். கடையை மூடிட்டு ரெண்டு பேரும் பெங்களூர் போய்ச் சரத்தோட வீட்டுல பதினோராவது மாடில உக்காந்துக்க வேண்டியதுதான்."

அவள் இடுப்பை மெஷினோடு இன்னும் ஒட்டி வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக அவளிடம் இருந்த ஒரே நியாயம் அந்த ஊசி. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால், நாளைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது யாரைச் சொல்லித் திட்டுவாள்? அவள் வலிக்கிறது என்று சொன்னால் இந்தத் தெருவில் இனி யார் நம்புவார்கள்?

"போட்டுரலாங்க்கா" என்றாள். "திரும்பிப் படுக்க முடியாம அழுவறாருங். எனக்கு வலிக்கறப்ப அவரு சிரிச்சாரு, நெசந்தான். அதுக்காவ நானும் சிரிக்க முடியுமுங்களா?"

நான் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது என்னிடம் இல்லை.

தை மாதம் தேதி குறித்தார்கள். டாக்சியின் பின் சீட்டில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைப் பங்கஜம் மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கூச்சல். பர்லியாறில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கலாம் என்று டிரைவர் சொன்னதற்கு, "இறங்கினா மறுபடி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாரா, ஊசிக்கே வர மாட்டேன் என்கிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவு சாத்துவதற்கு முன் "பங்கஜம்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பங்கஜம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் என் பங்குக்கு வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டேன். என்ன வேண்டுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். ஊசி பலிக்க வேண்டும் என்று வேண்டினால் கட்சித் துரோகம். பலிக்கக் கூடாது என்று வேண்டினால் பாவம். "எது நல்லதோ அதைச் செய் தாயே" என்று மாதா தலையில் போட்டுவிட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தள்ளுவண்டியில் வெளியே வந்தார். கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார். சாய்ந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்தார். காபி பாதி இறங்குவதற்குள் பழைய ஆறுக்குட்டி திரும்பி வந்துவிட்டார்.

"எறும்பு கடிச்சாப்பல இருந்துச்சுங்க. இதுக்குத்தான் இந்தப் பொம்பளைக இத்தனை வருசமா ஊரைக் கூட்டுனாங்களாக்கும்."

எனக்கு அந்தக் காபியை வாங்கி அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது. பங்கஜம் தம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

சாயங்காலம் டாக்டர் வனிதா பார்க்க வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், விரலை அசைக்கச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இந்த மருந்தால் சில நாட்களுக்கு அது ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகும், கனமான எதையும் தூக்கக் கூடாது, பயிற்சியை விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஆறுக்குட்டி அண்ணன் தன் விஷயத்துக்கு வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு உதவி. என்ற சம்சாரம், பையன் பொறந்தப்ப முதுகுல போட்ட ஊசியாலதான் இடுப்பு வலின்னு இருபத்தாறு வருசமாச் சொல்லிட்டுத் திரியறா. இந்தம்மாவும் அதே கேஸ்தான். ஊசியால வலி வராதுன்னு உங்க வாயால கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா மதிக்கறதில்லை."

"அது வேற மருந்து, மரத்துப்போக வைக்கறது. போட்ட இடத்துல சில நாள் வலி இருக்கும். வருஷக்கணக்கா வலி வர்றதுக்கு அது காரணம் இல்லம்மா" என்றார் டாக்டர். "என் பையனும் ஆபரேஷன்தான்."

"அப்ப உங்களுக்கு இடுப்பு வலி இல்லீங்களா?" என்று நான் விடவில்லை.

"ஏன் இல்லாம? நாள் முழுக்க அந்த எக்ஸ்ரே ரூம்ல ஈயத்துல செஞ்ச அங்கியை மாட்டிக்கிட்டு நிக்கறேன். எத்தனை கனம் தெரியுமா? வலிக்காம இருக்குமா?"

ஆறுக்குட்டி அண்ணன் வெற்றிச் சிரிப்போடு எங்கள் இருவரையும் பார்த்தார். வழக்கு முடிந்தது. ஆனால் டாக்டர் போகவில்லை. பங்கஜத்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. எதனால் வலிக்கிறது என்றுதான் எல்லோரும் சண்டை போட்டோம், நானும் சேர்த்து. எங்கே வலிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் எழுந்து, திரும்பி நின்று, விரலால் காட்டினாள். இடுப்பில் தொடங்கி, வலது தொடைக்குப் பின்னால் இறக்கி, கெண்டைக்கால் வரைக்கும் கொண்டு போனாள். ஆறுக்குட்டி அண்ணனுக்கு வந்த அதே பாதை. கால் மட்டும் வேறு.

டாக்டர் அவளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். பாதி தூக்குவதற்குள் பங்கஜம் உதட்டைக் கடித்தாள்.

"வீட்டுல கனமா ஏதாச்சும் தூக்குவீங்களாம்மா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங். வழக்கமானதுதானுங்."

"வழக்கமானதுன்னா?"

"அரிசிச் சிப்பமுங்க. லாரி கீழ ரோட்டுலதான் நிக்கும். லோடு தூக்கறவீக வாசப்படியில எறக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க. உள்ள இழுத்து அடுக்கோணுமில்லீங். அப்புறம் எண்ணெய் டின்னு. எங்க ஊர்ல தண்ணி தெனமும் வராதுங்க. வர்ற அன்னைக்குக் குடத்துல புடிச்சு மாடிக்கு ஏத்தோணும். அவ்வளவுதானுங்."

"சிப்பம் எத்தனை கிலோ?"

"இருபத்தஞ்சு, இருபத்தாறு கிலோங்க."

"கடையில ஆள் இல்லையா?"

ஆறுக்குட்டி அண்ணன் தன் கால் விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் சொன்ன பயிற்சியை அப்போதே ஆரம்பித்துவிட்டவர் மாதிரி.

"குழந்தை பிறந்து எத்தனை நாள் கழிச்சும்மா மறுபடி தூக்க ஆரம்பிச்சீங்க?"

"பையனுக்குப் பேரு வெச்ச அன்னைக்கு லாரி வந்துருச்சுங்" என்றாள் பங்கஜம். "மழை வேற. அரிசி நனைஞ்சுருமில்லீங்."

அந்தச் சிப்பங்களை அவள் இழுத்து அடுக்குவதை நானும் வாரா வாரம் என் கடையிலிருந்து பார்த்தவள்தான். பார்த்துக்கொண்டே ஊசியைத் திட்டியிருக்கிறேன். "பாவம் பங்கஜம், அந்த ஊசியால பாரு, ஒரு சிப்பத்தைக்கூட நேராத் தூக்க முடியல" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

"ஊசி இல்லம்மா" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இத்தனை வருஷம் தூக்கினதுதான். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்."

நான் வாயைத் திறந்தேன். பங்கஜம் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இல்லீங் டாக்டரம்மா. அது அந்த ஊசியாலதானுங். எனக்குத் தெரியுமுங்" என்றாள். அவள் ஆறுக்குட்டி அண்ணன் பக்கம் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது வளைவுகளில் கூச்சல் இல்லை. ஊசி கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், "பங்கஜம் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க. அந்தக் காலத்து ஊசி எப்படி இருந்துச்சோ, என்னமோ" என்றார். டிரைவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒரு வாரத்தில் நன்றாக நடந்தார். மாசி பிறப்பதற்குள் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். தெருவே வந்து விசாரித்தது. ஊசி எப்படி என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலைக் கேட்டு நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

"எனக்குப் போட்டது புது மாதிரிங்க, மெஷின்ல பாத்துப் போடறது. பொம்பளைகளுக்கு அந்தக் காலத்துல கண்ணை மூடிட்டுப் போட்டாங்க பாருங்க, அதுதான் பொல்லாதது. பங்கஜம் இடுப்பு போனதே அதுலதான். நாங்கூடச் சிரிச்சிருக்கறேன். பாவம், அவ சொன்னதுதான் நெசம்."

எங்கள் கட்சிக்கு அப்படி ஒரு பேச்சாளர் அதுவரை கிடைத்ததில்லை. வருகிற பெண்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கிலோ மைதாவோடு பயத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார். இருபத்தாறு வருஷம் நாங்கள் கத்தியும் ஜெயிக்காத வழக்கை அவர் ஒரே மாதத்தில் ஜெயித்துக் கொடுத்துவிட்டார். தெருப் பெண்களுக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. டாக்டர் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் சிப்பங்களை இப்போதும் பங்கஜம்தான் அடுக்கினாள்.

ஸ்கேனைப் பற்றி அவர் பேசவில்லை. நான்தான் சரத்துக்குப் போன் போட்டேன். அவன் விவரம் கேட்டான், பிறகு எல்லா ஏற்பாட்டையும் செய்தான். ஸ்கேனில் இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. அவருக்கு ஒன்றுதான். பங்கஜமும் பயிற்சி செய்தாள், மாத்திரை சாப்பிட்டாள், கால் வலி குறையவில்லை. அவருக்குப் போட்ட அதே ஊசியைப் போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் வனிதா சொன்னார்.

குறித்த நாளன்று சித்திரை வெயில் நன்றாக அடித்தது. கீழே ரோட்டில் டாக்சி நின்றது. பங்கஜம் பையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கடையில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். ஆறுக்குட்டி அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தார், இந்தத் தடவை சுளுவாகவே எழுந்தார், வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் பங்கஜம். ஒரு ஊசி போட்டுத்தான் இந்தக் கதிக்கு ஆளாயிருக்கற. மறுக்காவும் அதே முதுகுல போடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நடிப்பாக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

பங்கஜம் பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அவள் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"ஊசியால இல்லீங். சிப்பத்தால. அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங். பேரு வெச்ச அன்னைக்கு, நீங்க உள்ள பந்தியில உக்காந்திருந்தீங்க, நான் அஞ்சாவது சிப்பத்தை இழுத்தப்ப இடுப்புல சடக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. உங்களைச் சொல்லீட்டு அப்புறம் உங்ககூட எப்படிங்க இருக்கறது? ஊசி போட்ட டாக்டரு யாரோ, எவரோ. அவரைத் திட்டுனா அவருக்குத் தெரியப் போறதில்லை. அதான் அவரைத் திட்டீட்டு உங்ககூட இருந்துட்டேன்."

ஆறுக்குட்டி அண்ணன் விலகி நின்றார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. பெண்கள் கையில் இருந்த பருப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பங்கஜம் பையை எடுக்கக் குனிந்தாள். நான் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டேன்.

டாக்சியில் காட்டேரிக் கிராமம் தாண்டும் வரைக்கும் அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. "உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துரலாமுங்களா அக்கா, வந்ததே வந்துட்டோம்" என்று கேட்டாள்.

நான் சட்டென்று வேண்டாம் என்றேன். என் வீட்டில் என் புருஷன் ரொனால்ட் இருக்கிறார். மூத்தவள் பிறந்த வருஷமே எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவர். அன்றிலிருந்து ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பது நான். எனக்கு வலி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது, எந்த வருஷத்திலிருந்து போகிறது என்று எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை.

"எனக்கு அந்த ஊசியாலதான் பங்கஜம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.